போதகர் இறங்கி வந்த விதம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் சந்தோஷம். எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறான் என்று நினைப்பாய். எனக்கும் தெரியவில்லை.

உன் தொண்டை ஆறிவிட்டதா? பேச்சு வந்துவிட்டதா? அத்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நான் நலம். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். யாராவது உன் காதில் போட்டு நீ பதறிவிடக்கூடாதே என்று நானே எழுதுகிறேன். போன வியாழக்கிழமை மதியம் கிரேனிலிருந்து இறங்கும்போது லேசாகத் தலைசுற்றல். கீழே நின்று சைகை கொடுக்கிறவன் தப்பான நேரத்தில் தூக்கச் சொல்லிவிட்டான். நல்ல காற்று வேறு. கம்பிக் கட்டு ஆடியதில் மேலே என் கேபின் ஒரு குலுக்குக் குலுங்கியது. அந்த அதிர்ச்சியில் வந்த மயக்கம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

தங்கும் அறையில் ஆறு கட்டில்கள். பகலில் எல்லோரும் போய்விடுகிறார்கள். நான் மட்டும் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியே அந்தக் கிரேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஒரு ஆள் ஓட்டுகிறான். நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

எனக்காக ஜெபம் பண்ணிக்கொள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கிழித்திருப்பேன். அத்தான்தான் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்.

உன் கடிதத்தைப் படித்ததும் இவன் ஏதோ பெரிய தப்புப் பண்ணியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. ஒரு வேத வசனம்கூட இல்லையே! கடைக்கு உப்பு வாங்கச் சீட்டு எழுதினாலும் மேலே ஒரு வசனம் எழுதுகிறவன் நீ. அப்புறம், ‘தலைசுற்றல்’ என்று எழுதுவதற்கு முன்னால் வேறு ஒன்றை எழுதி அடித்திருக்கிறாய். அடித்ததோடு விடாமல் மேலே கிறுக்கி மறைத்திருக்கிறாய். காகிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ‘பய’ வரைக்கும் தெரிகிறது.

என் தொண்டையைக் கேட்டாய். தையல் ஆறிவிட்டது. கட்டியை எடுத்தபோது குரல் நரம்பில் அடி பட்டுவிட்டதாம். இப்போது வருவது குரல் இல்லை, எண்ணெய் போடாத கதவுச் சத்தம். நல்லவேளை, வேலையை விட்டு எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று சொன்னவளை, இப்போது தவறவிட்ட பொருள்கள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு. ஒரு பல்செட்கூட இருக்கிறது. பல்லை மறந்துவிட்டு எப்படி இறங்கினார் என்று என்னைக் கேட்காதே. வருகிறவர்களுக்கு எழுதிக் காட்டுகிறேன். வீட்டைத் தவிர வெளியே எங்கேயும் வாய் திறப்பதில்லை. சபையில் பாட்டுப் பாடி எட்டு மாதம் ஆகிறது. உன்னோடு போனில் பேசாததற்கும் கோபம் பாதிதான் காரணம், மீதி இது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் உனக்குப் போன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘பயமா இருக்குடா, வந்து கூட இரு’ என்று அழுதேன். வாழ்க்கையில் உன்னிடம் நான் கேட்ட ஒரே உதவி அது. நீ என்ன சொன்னாய்? ‘பயந்தா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்க்கா. முழங்கால் போடு, எல்லாம் சரியாகும்.’ வரவும் இல்லை. மயக்க ஊசி போடுகிற வரைக்கும் நான் கட்டியை நினைத்துப் பயப்படவில்லை. நான் கிறிஸ்தவள்தானா என்று பயந்துகொண்டு படுத்திருந்தேன். அதை எனக்குக் கொடுத்தவன் நீ.

ஜெபம் பண்ணச் சொன்னாய், பண்ணுகிறேன். எதற்காக என்று உண்மையைச் சொல். ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நீ பிடித்தது சரி. அடித்த வார்த்தை ‘பயம்’தான்.

டிசம்பரில் ஒரு நாள் காற்றில் கேபின் ஆடியது. கிரேன் என்றால் ஆடத்தான் செய்யும். பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு என்னவோ உடம்பு அதை நம்பவில்லை. மறுநாளிலிருந்து ஏணியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது. அறுபது மீட்டர் ஏற வேண்டும். நான் ஒவ்வொரு படியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று, ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஏற ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டையும் முதுகில் கட்டிக்கொண்டு போய்விடுவேன். சாயங்காலம் கடைசி ஆள் போன பிறகுதான் இறங்குவேன்.

இவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ‘போதகர் காலையிலயே மேல போய் ஜெபம் பண்றாருப்பா’ என்று. இங்கே என் பட்டப்பெயர் போதகர். ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் நான்தான் பேசுவேன். இந்த நிலையில்தான் மூன்று ஞாயிறு தொடர்ந்து ‘பயப்படாதிருங்கள்’ என்று பேசினேன். ஒருவன் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தான். கை சில்லென்று வேர்த்திருந்தது. அதை அவன் ஆவியின் வல்லமை என்று நினைத்திருப்பான்.

அந்த வியாழக்கிழமை காற்று கூடியதும் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். பட்டப்பகல். கீழே ஐம்பது பேர். பாதி ஏணியில் என் கால் நின்றுவிட்டது. கை கம்பியோடு பூட்டிக்கொண்டது. நாற்பது நிமிடம் அப்படியே நின்றேன். வேதத்தில் எத்தனை அதிகாரம் மனப்பாடமாகச் சொல்வேன், உனக்குத் தெரியும். ஒரு வசனம் வரவில்லை அக்கா. ‘ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்’ என்பது மட்டும் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விசில் ஏறி வந்தான். கீழே நின்று கையாலும் வாக்கிடாக்கியாலும் எனக்குச் சைகை கொடுக்கிறவன் அவன்தான். விரல் வைக்காமலே விசிலடிப்பான், அதனால் அந்தப் பெயர். ஜெபக் கூட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். மேலெல்லாம் புகையிலை நாற்றம். தன் பெல்ட்டின் கொக்கியை என் பெல்ட்டில் மாட்டினான். ‘கீழ பாக்காதீங்க. காலை மட்டும் எங்கிட்ட விட்ருங்க’ என்றான். ஒவ்வொரு பாதமாகக் கையால் பிடித்து அடுத்த படியில் வைத்தான், குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிற மாதிரி. தரைக்கு வந்தபோது என் கால்சட்டை நனைந்திருந்தது. மற்றவர்கள் நெருங்குவதற்குள் தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டான்.

இனிமேல் எழுதப்போவதை நீ அத்தானுக்குப் படித்துக் காட்டாதே. சூப்பர்வைசர் ஓடி வந்து ‘என்ன ஆச்சு?’ என்றார். ‘இவன் தப்பா சிக்னல் குடுத்தான் சார்’ என்றேன். அவன் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னேன் அக்கா. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தேன். விசில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வரும் இருபத்தேழாம் தேதி விசாரணை. நான் அதையே திரும்பச் சொன்னால் இனி எந்தக் கட்டுமானத்திலும் அவனுக்குச் சைகை வேலை கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் ஆபரேஷன் அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது. அதில் இருந்தவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். போனில் உன்னிடம் விசுவாசம் பேசியதும் பயத்தை மறைக்கத்தான்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் உன்னைத் திட்டியதைப் படித்தால் நம் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என் வாயில் அடிப்பாள்.

வாசல் வரைக்கும் வந்தாயா! பாவி. உள்ளே வந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாதா? ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்கியிருப்போமே. யாருடா உன்னிடம் தைரியத்தைக் கேட்டது? ஆள் வேண்டும் என்றுதானே கேட்டேன்.

சரி, என் கதை போகட்டும். யாரையாவது அனுப்பும் என்று நீ கேட்டாய். அவர் அனுப்பினார். வந்த பதிலின் மேலேயே நீ புகார் எழுதிக் கொடுத்துவிட்டாய். வந்தவன் பிரகாசமாக இல்லை, புகையிலை நாறினான் என்று உனக்குக் குறை.

வேதத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே, கைகால் வராத ஒரு திமிர்வாதக்காரனை, இரண்டு நாளாக அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் நீ அவனாக நடித்தாய். போர்வையின் ஒரு முனையை நான் பிடித்தேன், கனமான கனம் கனத்தாய். அந்த மனுஷன் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணியதாக எங்கேயும் இல்லை. தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனோடு பேசினார். இத்தனை வருடம் பிரசங்கம் பண்ணுகிறாய், இது உன் கண்ணில் படவே இல்லையா? எப்போதும் நீதான் தூக்க வேண்டும், உன்னை யாரும் தூக்கிவிடக்கூடாது. தொழில்தான் கிரேன் என்றால் புத்தியுமா?

அந்த அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல். இருபத்தேழு வரைக்கும் காத்திருக்காதே. ஜெபம் பண்ணிவிட்டுப் போ. ஜெபம் பண்ணிக்கொண்டே அறையில் உட்கார்ந்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். உனக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால் இதை அவள் சொல்லியிருப்பாள், எனக்குத் தபால் செலவு மிச்சம்.

உபதேசம் பண்ண எனக்கும் யோக்கியதை இல்லை. நேற்று ஒரு பெரியவர் தொலைந்த பையைத் தேடி வந்தார். கண் தெரியாதவர். எழுதிக் காட்டி என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்து ‘இங்கே இல்லை ஐயா’ என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை அவர் கேட்டுவிடக்கூடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் விட்டேன். வெட்கத்தில் உனக்கு நான் இளைத்தவள் இல்லை.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

போனேன். சூப்பர்வைசர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ‘என்னங்க போதகரே, உடம்பு தேவலையா?’ என்றார். ‘தேவலை சார்’ என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அவனிடமாவது முதலில் சொல்லலாம் என்று விசில் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவன் இல்லை. கட்டட வேலை கேட்டு எங்கேயோ போயிருக்கிறான். அவன் மனைவி கதவைத் திறந்தாள். கிரேன் ஓட்டுகிறவன் என்றேன். ‘நீங்கதான் போதகரா? அவர் சொல்லியிருக்கார். உள்ள வாங்க’ என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது அக்கா. யாரோ தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். யார் என்று அவன் சொல்லவே இல்லை.

‘நாங்க கோயில் குளம்னு போறவங்க இல்ல. இருந்தாலும் நீங்க சொன்னா சாமி கேக்கும்னு சொல்றாங்க. அவர் வேலைக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க’ என்றாள்.

பண்ணினேன். அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபம் பண்ணினேன். அவளும் ஆமென் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். தெருவுக்கு வந்து சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன்.

என்னால் தனியாக முடியாது. அறையில் முழங்காலில் நின்றால் தைரியம் வருகிறது. அந்தக் கதவுக்கு முன்னால் போனதும் போய்விடுகிறது. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ கூப்பிட்டபோது வராதவன் நான். ஆனாலும் கேட்கிறேன். இருபத்தேழாம் தேதி வந்து என் பக்கத்தில் இருப்பாயா? வர முடியாது என்றால் சொல்லிவிடு. அது நியாயம்தான்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ். எட்டரைக்கு உங்கள் வாசலில் இருப்பேன். வாசலிலேயே நின்றுவிட மாட்டேன், நான் உள்ளே வருகிறவள்.

உனக்குப் பதிலாகப் பேசுவேன் என்று நினைக்காதே. என் குரல் லட்சணம்தான் தெரியுமே. பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். உட்கார விடமாட்டார்கள் என்றால் உன் அக்கா என்று சொல், அக்காவை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள். காலையில் ஏதாவது சாப்பிடு. வெறும் வயிற்றில் உண்மை பேசி மயக்கம் போட்டு விழுந்தால், அதற்கும் யார் மேலாவது பழி போடுவாய்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததையெல்லாம் எழுத வேண்டும். அதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒன்று.

அன்றைக்கு விசாரணையில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ‘எழுதிக் குடுத்ததுதானே? மாத்தம் ஒண்ணும் இல்லைல்ல?’ என்று கேட்டார். எதிரே விசில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தலையாட்டப் போனேன் அக்கா. இல்லை சார், மாற்றம் ஒன்றும் இல்லை என்று ஆட்டத்தான் போனேன். உன்னை நூறு மைல் வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டும் அப்படித்தான் செய்யப் போனேன்.

அப்போதுதான் நீ, ‘கொஞ்சம் பொறுங்க சார், அவன் சொல்லுவான்’ என்றாய். அந்த அறையில் இருந்த ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கினான், நானே பார்த்தேன். உன் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மேனேஜர் ‘என்னம்மா? புரியல’ என்றார். நீ அந்தக் குரலிலேயே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாய். அதற்குப் பிறகும் பொய் சொல்ல என் நாக்கு எழவில்லை. சைகை தப்பில்லை, காற்று தப்பில்லை, நான் பயந்துபோய் ஏணியில் நின்றுவிட்டேன், இவர்தான் என்னை இறக்கினார், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மீதி உனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்குக் கிரேன் கிடையாது. கீழே கம்பி அடுக்குகிற வேலை. அதன் பிறகு டாக்டர் சொன்னால்தான். விசிலை மறுநாளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஞாயிறு கூட்டத்திலும் எல்லாவற்றையும் சொன்னேன், நனைந்த கால்சட்டை உட்பட. நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். அழுதுகொண்டே கைகொடுத்தானே ஒருவன், அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. இனி வேறு யாராவது பேசுங்கள், நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பின் பெஞ்சில் எனக்கு ஜெபம் வருகிறது.

விசிலிடம் பத்து நாள் கழித்துத்தான் தனியாகப் பேச முடிந்தது. கம்பிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மன்னித்துவிடு என்று காலில் விழப்போனேன். ‘அதெல்லாம் வேணாம். மன்னிச்சேன்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்ல மாட்டேன். இப்ப வரல. வந்தா சொல்றேன்’ என்றான். மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா அவ உங்க ரூமுக்கே வந்து முடியைப் புடிச்சிருப்பா. இப்ப சொல்லிட்டேன், எங்க தெருப் பக்கம் வந்துராதீங்க’ என்றான்.

அவனைப்போல எனக்கும் தைரியம் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

‘தைரியமா? எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை கிறுகிறுக்கும். கீழ நிக்கிற வேலையா பாத்து ஏன் சேர்ந்தேன்னு நினைக்கிறீங்க? உங்க வாக்கிடாக்கி நெஞ்சுல அழுந்தி ஆன்லயே இருந்துச்சு. யாரையாவது அனுப்பும், யாரையாவது அனுப்பும்னு சொல்லிட்டே இருந்தீங்க. நம்ம ரெண்டு பேர் லைன்ங்கிறதால அது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அரை மணி நேரம் கேட்டுக்கிட்டே நின்னேங்க, காலு வரல. வேற யாராவது போவாங்கன்னு பாத்தேன். அதை நினைச்சா இன்னும் வெக்கமா இருக்கு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஏறினேன்.’

அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மணி அடிக்கிற வரைக்கும் அழுதேன். அவன் எழுந்து போகவில்லை.

நேற்று அவனிடம் ஓர் உதவி கேட்டேன். சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மதியம் கிரேன் நிற்கிற நேரத்தில் ஏணியின் முதல் மேடை வரைக்குமாவது என்னோடு ஏறி வருவாயா என்று. பத்து மீட்டர்தான். ‘உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?’ என்று முனகிக்கொண்டு பெல்ட்டை எடுத்துவந்தான். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் முன்னால், அவன் எனக்குக் கீழே, கொக்கியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு. ஆண்டவரே கூட வாரும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். ஆறாவது படியில் கை பூட்டிக்கொண்டது.

‘பயமா இருக்குப்பா’ என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

‘எனக்கும்தான். நானும் நடுங்கிட்டுத்தான் நிக்கிறேன், ஆடாதீங்க’ என்று கீழேயிருந்து கத்தினான். ‘காலைக் குடுங்க.’

கொடுத்தேன்.

தம்பி